குப்பை ஸ்டிக்கருக்குப் பொட்டு வைத்த கதை

எனக்கு வயது எழுபத்து நான்கு. பெற்றது மூன்று, தவறிப்போன நாத்தனாருடையது ஒன்று, ஆக நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். (கையெழுத்து நன்றாகப் போடுவேன். அதற்குமேல் எழுதுவது பேத்தி கவிதா.) இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இவ்வளவும் செய்தவளுக்கு அறிவும் இருக்கும் என்று யாரும் நம்பிவிடக் கூடாது.

நாமகிரிப்பேட்டைப் பக்கம் எங்கள் ஊர். குப்பை அள்ளும் வேலையைப் பேரூராட்சி ஒரு தனியார் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது. புடவைக்கு மேல் பச்சைச் சட்டை, பேட்டரி வண்டி, கையில் செல்போன் என்று செல்வி வந்தாள். வீட்டுக்கு வீடு வாசல் சுவரில் கறுப்புக் கட்டம் போட்ட ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினாள்.

“இது எதுக்கு கண்ணு?”

“இதைப் போன்ல புடிச்சாத்தானுங்க ஆயா, நான் வந்தேன்னு கம்பெனிக்குத் தெரியும். இல்லீன்னா வரலைன்னு போட்ருவாங்க.”

ஆயுத பூஜை வந்தது. சந்தனத்தில் மஞ்சளைக் குழைத்து அரிவாள், மிக்சி, கேஸ் அடுப்பு, மருமகள் ஸ்கூட்டர், கரண்டு மீட்டர் என்று பொட்டு வைத்துக்கொண்டே வந்தேன். வாசலில் ஸ்டிக்கர் கண்ணில் பட்டது. அதுவும் தினம் உழைக்கிற பொருள்தானே, விடலாமா? நன்றாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். எதிர்வீட்டு ஸ்டிக்கர் வெறும் நெற்றியோடு நின்றது. மனசு கேட்கவில்லை. தெரு முழுக்க வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

மறுநாள் காலையில் செல்வி, தெருவையெல்லாம் கூட்டி அள்ளிவிட்டு, கற்பூரத் தட்டு மாதிரி போனை ஸ்டிக்கருக்கு முன்னால் சுற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். போன் வாயைத் திறக்கவில்லை.

“தெரு முச்சூடும் பொட்டு வெச்சிருக்குது. யாரு வேலைங்க ஆயா இது?”

“நான்தான் கண்ணு. உம்பொழப்பு நல்லா இருக்கோணுமில்ல” என்றேன், பெருமையாக.

“பொழப்பே போயிரும் போல இருக்குதுங்க. போன மாசம் போன் ரிப்பேராயி வரலைன்னு போட்டாங்க. இன்னொருக்கா ஆச்சுன்னா ஆளை மாத்திருவாங்களாம்.”

கை சும்மா இருக்குமா? குத்துவிளக்குத் தேய்க்கிற நாரும் புளியும் கொண்டுவந்து என் வீட்டு ஸ்டிக்கரைத் தேய்த்தேன். சந்தனம் போயிற்று. கூடவே கட்டமும் போயிற்று. அடுத்த வீட்டுக்கு நடந்தவளைச் செல்வி கையைப் பிடித்து நிறுத்தினாள். “நீங்க சும்மா உக்காருங்க ஆயா. அது போதும்.”

கம்பெனி சூப்பர்வைசர் தம்பி பைக்கில் வந்தார். அவர் போனில் எங்கள் தெருவே சிவப்பாக இருந்தது. ஆள் வரவில்லை என்று அர்த்தமாம்.

“தெருவைப் பாருங்க தம்பி. நேத்து உடைச்ச பூசணிக்காயில ஒரு துண்டு கெடக்குதா? இந்தப் புள்ள வராமயா அள்ளுனா?”

“எனக்குத் தெரியுதுங்க ஆயா. நான் பார்த்தா கம்பெனிக்குச் செல்லாதுங்களே.”

“பேரூராட்சியில போய்ச் சொல்றேன்.”

“கம்பெனியக் கேளுங்கம்பாங்க.”

“கம்பெனி எங்க இருக்குது?”

“சென்னைலங்க.”

சென்னையில் உட்கார்ந்து என் வாசல் குப்பையைப் பார்க்கிறவரிடம் எந்த வாசலில் நின்று சண்டை போடுவது?

கடைசியில் தம்பியே ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு வாசலிலும் செல்வியோடு அந்த வீட்டு ஆள் ஒருவர் நின்று படம் எடுத்து அனுப்ப வேண்டும். பாதிப் பேர் கோயிலுக்குப் போயிருந்தார்கள். “நான் நிக்கறேன்” என்றேன். ஆள் இருந்த வீட்டிலும் நானே நின்றேன். (செய்தவள் நான், ஊராரை எதற்கு நிற்க வைப்பது?)

சற்று நேரத்தில் தம்பிக்குச் சென்னையிலிருந்து போன். “ஏங்க, எல்லா வீட்லயும் ஒரே பாட்டி நிக்கிறாங்களே?”

தம்பி கையிலிருந்து நான் போனை வாங்கினேன்.

“ஆமாஞ் சாமி. எல்லாம் எங்க ஊடுதான். அந்தப் புள்ள வந்துச்சு, அள்ளுச்சு. பொட்டு வெச்சது நானு. வரலைன்னு போடோணும்னா என் பேர்ல போட்டுக்குங்க.”

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. “வந்தாங்கன்னே போட்டுடறேன் பாட்டி.”

செல்வி புடவைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் காப்பி போட உள்ளே போனேன்.

இப்போதெல்லாம் ஆயுத பூஜை நெருங்கினால் குப்பை வண்டி மைக்கில், “ஸ்டிக்கருக்குப் பொட்டு வைக்க வேண்டாம்” என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு போகிறது. எங்கள் வீட்டு வாசலில் மட்டும் செல்வி வண்டியை நிறுத்தி இரண்டாம் தடவை சொல்லுவாள். “அம்மா, உனக்குத்தான் அரசாங்க அறிவிப்பு” என்பான் பெரியவன். ஒரு கிழவிக்காக ஒரு கம்பெனியே மைக் கட்டிச் சொல்கிறது. வேறு யாருக்கு இந்த மரியாதை?

சரி கவிதா, எழுதினவரைக்கும் வாசி சாமி. சத்தமாகவே வாசி. செல்வி வண்டி தெருமுனைக்கு வந்துவிட்டது. நான் விட்டதை அவள் சொல்லுவாள்.