எட்டு ஜிபியும் இரண்டு ஞானத்தகப்பன்மாரும்

"திருவிழாவுக்கு மறுநாள் அவங்க வீட்டுல பொண்ணு கேட்டு வரலாம்னு இருக்காங்க. நீ என்னடி சொல்ற?"

ஹெர்மினியா கேட்டு முடிக்கவில்லை. கம்ப்யூட்டர் திரையில் மகள் ஜோவி நெற்றியைச் சொறியப் போன கையோடு அப்படியே நின்றுபோனாள்.

"போச்சு," என்றார் கிரிசாந்தோ. நாலு ஞாயிறாக அவர் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜோவி சிங்கப்பூரில் நர்ஸ். சொந்த ஊரான இலோயிலோவில் இருக்கும் அப்பா அம்மாவோடு ஞாயிறு பூசை முடிந்ததும் முகம் பார்த்துப் பேசுவாள். மழை பெய்ததா, மீன் என்ன விலை, பக்கத்து வீட்டுக்காரிக்கு மூட்டுவலி தேவலையா, எல்லாம் தங்குதடையில்லாமல் போகும். முக்கியமான பேச்சு தொடங்கும்போதுதான் படம் நிற்கும். கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு அணைத்துவிடுவார்கள். கம்ப்யூட்டருக்கு வயது பதினொன்று. காலையில் அதைத் தட்டிவிட்டுப் போனால் கிரிசாந்தோ குளித்துக் காபி குடித்துவிட்டு வரும்போதுதான் கண் விழிக்கும். ஆகவே குற்றவாளி யார் என்பதில் அந்த வீட்டில் இரண்டு கருத்து இல்லை.

விஷயம் அவசரமானது. மாப்பிள்ளை இலோயிலோவிலேயே பல் டாக்டர். அவருடைய அம்மா கொன்சுவேலோ, கோயில் வாசலில் வாராவாரம் ஹெர்மினியாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கேட்டீங்களா?" என்கிறாள். வரும் ஞாயிறும் பதில் இல்லையென்றால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான் என்று சிரித்துக்கொண்டே சொல்லியும்விட்டாள். கிரிசாந்தோவுக்கு மருமகன் பல் டாக்டரா, தச்சனா என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். உள்ளூர் மாப்பிள்ளை என்றால் மகள் ஊரோடு வந்துவிடுவாள். ஒரே பெண்ணை ஆறு வருடமாகக் கண்ணாடிக்குள் பார்த்துப் பார்த்து அவருக்கு மனசு விட்டுப்போயிருந்தது.

திங்கட்கிழமை அவர் ஃபிடென்சியோவின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். ஃபிடென்சியோ, ஜோவிக்கு ஞானஸ்நானத்தில் நின்ற ஞானத்தகப்பன். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் 'பாரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"ரேம் பத்தல பாரே," என்றார் ஃபிடென்சியோ, விஷயத்தைக் கேட்டுவிட்டு. "சின்னப் பானையில பெரிய பேச்சு பேசினா வழியத்தான் செய்யும். நாலு ஜிபி போடவா, எட்டு போடவா?"

"என்ன வித்தியாசம்?"

"நாலுன்னா கல்யாணத் தேதி வரைக்கும் பேசலாம். எட்டுன்னா பேரனுக்குப் பேர் வைக்கிற வரைக்கும்."

"எட்டே குடு."

வீட்டில் பெட்டியைத் திறந்து பார்த்தால், ரேமின் விளிம்பில் இருந்த வெட்டு ஒரு இடத்திலும், அதைச் செருக வேண்டிய பள்ளத்தில் இருந்த மேடு வேறு இடத்திலும் இருந்தன.

"அரத்தால கொஞ்சம் தேச்சா உள்ள போயிடாது?" என்றாள் ஹெர்மினியா.

"இது என்ன கட்டில் காலா?"

ஃபிடென்சியோவே வந்து பார்த்தார். பழைய கம்ப்யூட்டருக்குப் பழைய ரகம்தான் சேரும் என்று சொல்லி, எட்டு ஜிபியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, கடையில் கிடந்த ஒரு கிழட்டுப் பெட்டியிலிருந்து நாலு ஜிபியைக் கழற்றி மாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் அபெலார்டோ வந்தார். உயர்நிலைப் பள்ளியில் கம்ப்யூட்டர் வாத்தியார். ஜோவிக்கு உறுதிபூசுதலில் நின்ற ஞானத்தகப்பன்.

"ஊர்ல பாதிக் கம்ப்யூட்டரை நான்தான் பாக்குறேன் பாரே. உனக்கு ரேம் வேணும்னா அவன்கிட்டப் போற. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல பாரே."

"அவன் தொட்டில் குழந்தைக்கு நின்னான். நான் அவ விவரம் தெரிஞ்ச பொண்ணானப்புறம் நின்னவன்," என்று சொல்லிக்கொண்டே, தான் கொண்டு வந்த நாலு ஜிபியைப் பக்கத்துப் பள்ளத்தில் செருகினார்.

கம்ப்யூட்டர் விடாமல் கத்தியது. திரை கறுப்பாகவே இருந்தது. தனித்தனியாகப் போட்டால் இரண்டும் வேலை செய்தன, சேர்த்துப் போட்டால் இரண்டும் முறுக்கிக்கொண்டன. கொடுத்தவர்களின் குணம் அப்படியே இறங்கியிருந்தது.

எதைக் கழற்றினாலும் ஒரு பாரேவுக்கு அவமானம். கல்யாணம் கூடிவரும் நேரத்தில் ஞானத்தகப்பனைப் பகைத்துக்கொள்ள யாருக்குத் துணிச்சல் வரும்? ஃபிடென்சியோ வந்தால் அவருடையது, அபெலார்டோ வந்தால் அவருடையது என்று கிரிசாந்தோ இரண்டு நாள் மாற்றி மாற்றிச் செருகினார். வெள்ளிக்கிழமை இருவரும் சேர்ந்தாற்போல் தெருவில் வருவதை ஹெர்மினியா ஜன்னலில் பார்த்துவிட்டாள். ஓடிப்போய்ப் பெட்டிக்குள் கைவிட்டு அகப்பட்டதையெல்லாம் பிடுங்கினாள்.

"இப்ப உள்ள யாரோடது இருக்கு?" என்றார் அபெலார்டோ, செருப்பைக் கழற்றும்போதே.

"யாரோடதும் இல்ல," என்றாள் ஹெர்மினியா. "குழந்தை இயேசு முன்னால வச்சிருக்கேன். ஃபாதர் வந்து மந்திரிச்சுக் குடுத்தப்புறம் போடலாம்னு."

சுரூபத்தின் காலடியில், பூவுக்குப் பக்கத்தில், மூன்று ரேம்கள் இருந்தன. கம்ப்யூட்டரோடு பிறந்த ரேமும் அவசரத்தில் கூடவே வந்துவிட்டது. அதன் பள்ளத்தில் இருந்த பிடியும் உடைந்திருந்தது.

ஞானத்தகப்பன்மார் இருவரும் உருகிப் போனார்கள். அது இன்னும் பெரிய தொல்லையாக முடிந்தது.

"அபெலார்டோவோடதையே போடு பாரே. நான் பெரிசா என்ன செஞ்சுட்டேன்?"

"சேச்சே, மூத்தவன் அவன். அவனோடதுதான் போடணும்."

ஒரு மணி நேரம் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில், யாருக்கும் உறவில்லாத ஒரு கடையில், பழைய ரகத்தில், ஒரே கம்பெனி ஜோடியாக எட்டு ஜிபி வாங்குவது என்று முடிவாயிற்று. உடையாமல் இருந்த இரண்டு பள்ளங்களில் சனிக்கிழமை அதை மாட்டினார்கள். கிரிசாந்தோ நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நால்வரும் திரைக்கு முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஜோவியின் கன்னத்துப் பரு கூடத் தெரிந்தது.

"என்னப்பா, இன்னிக்குப் படம் இவ்வளவு நல்லா வருது?" என்றாள் ஜோவி.

"எட்டு ஜிபிம்மா. உன் ஞானத்தகப்பன்மார் ஏற்பாடு. இனிமே நிக்கவே நிக்காது."

ஹெர்மினியா மழையையும் மீனையும் விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"கொன்சுவேலோ பதில் கேக்குறா. பல் டாக்டரைப் பிடிச்சிருக்கா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லு."

ஜோவி வாயைத் திறந்தாள். திறந்த வாய் திறந்தபடி நின்றது.

ஃபிடென்சியோ குனிந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். அபெலார்டோ ஒயரை ஆட்டிப் பார்த்தார். இந்தக் கல்யாணமும் போயிற்று, மகள் ஊருக்கு வருவதும் போயிற்று என்று நினைத்துக்கொண்டு கிரிசாந்தோ அணைக்கக் கையை நீட்டினார்.

அப்போது, நின்றுபோன படத்துக்குள் ஒரு கதவு திறந்தது. ஜோவியோடு அறையில் தங்கியிருக்கும் சாரிட்டோ தலையில் துண்டும் கையில் சோற்றுத் தட்டுமாக உள்ளே வந்தாள்.

"பல் டாக்டர் பேச்சு இன்னும் முடியலயாடி? நீ அசையாம அப்படியே இரு, வாய் திறந்துதான இருக்கு, நானே ஊட்டி விடுறேன்."