வளர்ச்சிக்கு நிறைய இடம் இருக்கிறது

பிள்ளையின் வளர்ச்சியை அளப்பதே தேசத்தின் வளர்ச்சியை அளப்பதாகும் என்று எங்கள் பள்ளிக்கூட வாசலில் புதிதாக ஒரு பலகை மாட்டினார்கள். அதற்கு முன்பு அந்த இடத்தில் 'குப்பை கொட்டாதீர்' பலகை இருந்தது. அதை எடுத்த பிறகு அங்கே குப்பை நன்றாக வளர்ந்தது. அதை யாரும் அளக்கவில்லை.

நான் எகிப்தில், மன்சூரா நகரத்தில் மினிபஸ் ஓட்டும் ஹம்தியின் மனைவி. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டவள். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வாய் வராது. வகுப்பு அம்மாக்களின் வாட்ஸப் குழுவில்கூட நான் இன்றுவரை ரோஜாப்பூ படத்தைத் தவிர வேறு எதையும் போட்டதில்லை. யாராவது செத்தாலும் ரோஜாப்பூதான்.

என் மகள் ரிதாஜ் அப்படியில்லை. நாலாம் வகுப்பிலேயே கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பாள். அவளுடைய நஹ்லா மிஸ் வீட்டிலிருந்து கதைப் புத்தகங்கள் கொண்டுவந்து கொடுப்பார். அந்த மிஸ் வகுப்போடு கூடவே மேலே வருபவர். அதனால் ரிதாஜுக்குப் பெரிய வகுப்பைப் பற்றிப் பயமே கிடையாது.

அந்த வருஷம்தான் பொது அளவீட்டுத் தேர்வு வந்தது. பள்ளி திறந்ததும் ஒன்று, கோடை விடுமுறைக்கு முன்னால் ஒன்று. முதல் தேர்வில் ரிதாஜுக்கு 96. நான் ரவையில் பஸ்பூஸா இனிப்பு செய்து மாடி மாடியாகக் கொடுத்தேன். இரண்டாவது தேர்விலும் 96. மறுபடி ரவையை ஊறவைத்திருந்தேன், பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது.

வளர்ச்சி ஒருங்கிணைப்பாளர் உஸ்தாத் ஷவ்கி முந்தின வருஷம்வரை ஓவிய வாத்தியார். அம்புக்குறி அழகாகப் போடுவார் என்று இந்தப் பதவியைக் கொடுத்திருந்தார்கள்.

"அம்மா, மனசைத் திடப்படுத்திக்குங்க. உங்க மகள் வளரலை" என்றார்.

"தொண்ணூத்தாறு வாங்கியிருக்காளே, உஸ்தாத்."

"அது மார்க் இல்லை. நூறு பிள்ளைகளை வரிசையா நிறுத்தினா, தொண்ணூத்தாறு பேர் இவளுக்குக் கீழே நிக்கிறாங்கன்னு அர்த்தம்."

"நல்லதுதானே?"

"போன தடவையும் அங்கேயேதான் நின்னா. அம்பைப் பாருங்க. மஞ்சள். படுத்துக் கிடக்குது. பக்கத்து வீட்டு யாசீனைப் பாருங்க. பன்னிரண்டுலேருந்து நாப்பது. பச்சை அம்பு. செங்குத்தா நிக்குது."

"இவ இனிமே எங்கே போறது? மேலே இடமே இல்லையே."

"அது அளவீட்டோட பிரச்சினை இல்லைம்மா. உங்க பிள்ளையோட பிரச்சினை."

அடுத்த வருஷமும் அம்பு படுத்தால் மேன்மைமிகு வளர்ச்சி ஊக்கப் பிரிவுக்கு மாற்றிவிடுவோம் என்றார். மொட்டை மாடியில் உடைந்த மேசைகள் போட்டு வைக்கிற தகர அறைதான் அந்தப் பிரிவு. அங்கே நஹ்லா மிஸ் வரமாட்டார்.

நான் இதைச் சொன்னதும் ரிதாஜ் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு அழுதாள். என் கணவருக்கு வேறு கவலை.

"இவளுக்கு மேலே நிக்கிற அந்த மூணு பேர் யாரு?"

"தெரியாதுங்க. சொல்ல மாட்டாங்களாம்."

"நம்ம தெருவா இருக்குமோ?" என்று அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். சிரிக்காதீர்கள், நானும் கூடப் போய் எட்டிப் பார்த்தேன்.

யாசீனின் அம்மா இனாஸ் கல்லூரி வரை படித்தவள். யாசீனின் பதக்கத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் தொங்கவிட்டிருந்தாள். தயங்கித் தயங்கி அவளிடம் போனேன்.

"எந்த டியூஷன் வச்சீங்க?"

"டியூஷனா? நீ வேற. முதல் தேர்வன்னிக்கு அவனுக்குக் காய்ச்சல். பாதித் தாள்ல தூங்கிட்டான். ரெண்டாவது தடவை முழிச்சிருந்தான். அதான் வளர்ச்சி."

படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் வேண்டும்போது காய்ச்சலுக்கு எங்கே போவது? யோசித்து யோசித்து ஃபூலில் வந்து நின்றேன். அவரைக்கொட்டையை வேகவைத்து எண்ணெய் ஊற்றி மசித்த அந்தப் பண்டம் இறங்கினால் புத்தி படுத்துக்கொள்ளும் என்று தேர்வு நாளில் நாங்கள் யாரும் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டோம். அடுத்த வருஷ முதல் தேர்வன்று காலையில் ரிதாஜுக்கு இரண்டு தட்டு கொடுத்தேன். போதாதென்று, கதவருகே நிறுத்திச் சொல்லியும் அனுப்பினேன்.

"இன்னிக்கு எல்லாத்தையும் தப்பாப் போடு."

"எந்தத் தப்பை, அம்மா? ஒவ்வொரு கேள்விக்கும் மூணு தப்பு இருக்கே."

"உனக்குப் பிடிச்ச தப்பைப் போட்டுக்கோ."

இந்த யோசனை எனக்கு மட்டும்தான் வந்தது என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு வகுப்பில் எல்லா ஜன்னல்களையும் திறந்துவைத்து, மின்விசிறியையும் போட்டுத்தான் தேர்வு நடத்த முடிந்ததாம். அப்படி ஒரு ஃபூல் வாசனை.

ரிதாஜுக்கு ஒன்பது. யாசீனுக்கு நாலு. உஸ்தாத் ஷவ்கி பெற்றோர் கூட்டத்தில் கண் கலங்கப் பேசினார்: "மாண்புமிகு பெற்றோர்களே, இந்த மாகாணத்திலேயே வளர்ச்சிக்கு இவ்வளவு இடம் வைத்திருக்கும் வகுப்பு வேறு கிடையாது." எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

கோடையில் இரண்டாவது தேர்வு வந்தது. ஃபூல் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு முட்டையும் தேனும் கொடுத்தேன். தெரிந்ததையெல்லாம் எழுது என்று நெற்றியில் முத்தமிட்டு அனுப்பினேன்.

முடிவு வந்தது. பதினான்கு.

அம்பு பச்சைதான். பதக்கம் உண்டு. மொட்டை மாடிக்குப் போக வேண்டியதில்லை. ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம். தேர்வுக்காக ஃபூல் கொடுத்து வரவழைத்த மந்தம் பிள்ளைக்குள்ளேயே தங்கிவிட்டதோ?

"ரிதாஜ், நிஜமாவே தெரியலையா கண்ணு?"

அவள் புத்தகத்திலிருந்து தலை தூக்காமல் சொன்னாள்: "எல்லாம் தெரியும். ஆனா அடுத்த வருஷமும் வளரணும்ல? இப்பவே முழுசா வளர்ந்துட்டா அப்புறம் எங்கே போறது? கொஞ்சம் கொஞ்சமாப் போகலாம்னு வச்சிருக்கோம்."

"வச்சிருக்கோம்னா?"

"வகுப்பு முழுக்க. நஹ்லா மிஸ்தான் சொன்னாங்க. அவங்களுக்கும் அம்பு இருக்காம்."

பள்ளிக்கு நிலையான வளர்ச்சிக்கான கேடயம் கிடைத்தது. கேடயம் கொடுக்க வந்த பெரிய அதிகாரி மேடையிலேயே அடுத்த திட்டத்தை அறிவித்தார். பிள்ளைகள் இவ்வளவு வளரும்போது பெற்றோர் பின்தங்கலாகாது. எனவே அம்மாக்களுக்கும் பொது அளவீட்டுத் தேர்வு. அம்மாவின் அம்பு படுத்தால் பிள்ளை மொட்டை மாடிக்கு.

தேர்வன்று காலையில் ரிதாஜ் என் முன்னால் ஃபூல் தட்டை வைத்தாள். எண்ணெயும் அவளே ஊற்றினாள்.

"அம்மா, தெரிஞ்சதை எழுதிடாதே" என்றாள்.

எழுத்துக் கூட்டி நான் முதல் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

அடுத்த வாரம் உஸ்தாத் ஷவ்கி என்னை மேடைக்குக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் நிற்க வைத்தார். வளர்ச்சிக்கு மிக அதிக இடம் உள்ள தாய் நான்தானாம். பேசச் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை. அதற்கும் ஒரு கைதட்டல்.

இனாஸ் மட்டும் தட்டவில்லை. பாவம், பானையோடு சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாள். ஆனால் காலேஜில் படித்தவளாயிற்றே, எவ்வளவு முயன்றும் என் அளவுக்கு அவளால் இறங்க முடியவில்லை.