சீனா கேட்ட தாழ்ப்பாள்

மரியாதைக்குரிய சாலமன் பெரியப்பா அவர்களுக்கு,

செம்பாக்கத்திலிருந்து உங்கள் தம்பி மகள் கிறிஸ்டினா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. கர்த்தர் கிருபையால் வீட்டில் அனைவரும் சுகம். பள்ளியில் மாணவியர் கழிப்பறைக் கதவு மட்டும் சுகமில்லை. பக்கத்துத் தெருதான் என்றாலும், நேரில் வந்தால் “சின்னப் பிள்ளை, சும்மா இரு” என்பீர்கள், ஆகவே எழுத்தில்.

அந்தக் கதவின் தாழ்ப்பாள் போன வருடமே உடைந்துவிட்டது. உள்ளே இருப்பவள் பாட வேண்டும், பாட்டு நின்றால் ஆள் இல்லை என்று அர்த்தம், இதுதான் எங்கள் ஏற்பாடு. ஜெயஸ்ரீக்குத் தொண்டை கட்டிய அன்று ஆறாம் வகுப்பே சேர்ந்து கதவைத் திறந்துவிட்டது. அவள் அப்புறம் பள்ளிக்கே வரமாட்டேன் என்று அழுதாள். அதனால்தான் ‘தாழ்ப்பாள் வேண்டும்’ என்று அட்டையில் எழுதி கேட் அருகே நின்றோம். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரான நீங்களோ அட்டையின் பின்பக்கத்தைப் படம் எடுத்து, ‘சீன எழுத்து! மாணவிகளுக்கு வெளிநாட்டு ஆதரவு!’ என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டீர்கள். மறுநாள் அறிவியல் ஜீவானந்தம் சார் என்னைக் கூப்பிட்டு, “உங்களை இயக்கறது யாரு? பயப்படாம சொல்லு” என்றார். “சிறுநீர்ப்பை சார். நீங்கதானே பாடம் நடத்துனீங்க” என்றேன். வெளியே நிற்க வைத்துவிட்டார். அங்கே வாட்ச்மேன் சவுரிமுத்து அண்ணா, “இன்னாம்மா, சைனாக்காரன் பிரியாணி வாங்கிக் குடுத்தானாமே? எனக்கு ஒரு பொட்டலம் வச்சிருக்கக் கூடாதா?” என்கிறார். தலைமையாசிரியை லோகநாயகி மேடமோ, “விசாரணை முடியட்டும், அப்புறம் தாழ்ப்பாள்” என்கிறார். “அதுவரைக்கும் மேடம்?” “பாடுங்க.”

பெரியப்பா, அந்த அட்டை உங்கள் வீட்டு வாஷிங் மெஷின் வந்த பெட்டி. ரோஸி பெரியம்மாதான், “இடத்த அடைச்சுக்கிட்டுக் கெடக்கு, எடுத்துட்டுப் போங்கடி” என்று கொடுத்தார்கள். சந்தேகம் இருந்தால் மெஷினின் முதுகைப் பாருங்கள், அதே எழுத்து. நீங்கள் தேடும் வெளிநாட்டுச் சக்தி தினமும் உங்கள் வேட்டியைத்தான் துவைத்துக்கொண்டிருக்கிறது. எங்களுக்கு எந்த நாட்டிலிருந்தும் ஒரு குண்டூசிகூட வரவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இதைச் சொல்லி, தயவுசெய்து தாழ்ப்பாளை மாட்டச் செய்யுங்கள்.

பெரியம்மாவுக்கு என் அன்பு. உங்கள் இரத்த அழுத்தம் இறங்கவும், கூடவே சந்தேகம் இறங்கவும் ஞாயிறு ஜெபத்தில் வேண்டிக்கொள்கிறேன்.

கீழ்ப்படிதலுள்ள மகள்,
கிறிஸ்டினா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில், தோஹாவில் வேலை பார்க்கும் ஜெபகுமார் சித்தப்பா அனுப்பிய பார்சலை அவர் நண்பர் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா போனில் சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். பார்சலில் பேரீச்சம்பழம், அதற்கு அடியில் பளபளவென்று பித்தளைத் தாழ்ப்பாள், ஆணியோடு. பெட்டி முழுக்க அரபு எழுத்து. ஆகவே குண்டூசி பற்றிய வரியை மட்டும் அடித்துவிடுங்கள். தாழ்ப்பாளை யாரும் பார்ப்பதற்குள் மாட்டச் சொல்லுங்கள். பெட்டியை நானே கிழித்துவிடுகிறேன். இனி எந்த அட்டையிலும் எழுதமாட்டோம்.