அண்ணன் பேரில் போன மிக்சர்

நான் பத்தாவது பெயில். அதற்குப் பிறகு சயானில் ஆறு மாத கம்ப்யூட்டர் கிளாஸ். அதை வைத்து மாட்டுங்காவில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. இவ்வளவே தெரிந்தவன் ஒரு வேலையை வேகமாக்கப் போகக்கூடாது. போனேன்.

கடைகளுக்கு லேபிள் அடிக்கிற புரோகிராம் எங்களுடையது. கடைப் பேரை மாற்றினால்கூட முழுப் புரோகிராமையும் முதலிலிருந்து கட்ட வேண்டும். 'பில்டு' என்பார்கள். இருபது நிமிஷம். (இரண்டு கட்டிங் சாய், அதாவது அரை கிளாஸ் டீ இரண்டு.)

நான் ஒரு லிஸ்ட் போட்டேன். எந்த ஃபைல் மாறினால் புரோகிராமின் எந்தத் துண்டைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று. மற்றதற்குப் பழைய துண்டே போதும். இருபது நிமிஷம் அரை நிமிஷமானது. முதலாளி "பேஷ்" என்றார். ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

தாராவியில் என் பெண்டாட்டிக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி. தங்கராஜ், செல்வராஜ். சேர்ந்து நடத்திய பலகாரக் கடையில் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள். இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. இப்போது தம்பி எதிர்ப்பக்கம் தனிக்கடை திறக்க இருந்தான். திறப்பன்று சந்தில் வீட்டுக்கு ஒரு மிக்சர் பாக்கெட் இலவசம்.

"அத்தான், இனிமே இங்க என் பேரு தெரியணும். அதுக்குத்தான் இவ்வளவும்" என்றான்.

அண்ணன் கடைக்கு முந்தின வாரம்தான் லேபிள் புரோகிராம் செய்து கொடுத்திருந்தேன். அதிலேயே பேரை மாற்றி பில்டு போட்டேன். அரை நிமிஷம். ஸ்கிரீனில் 'செல்வராஜ் பலகாரக் கடை' என்று வந்தது. முந்நூறு லேபிள் ஓடியது. நான் லேபிளைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். ஒட்டிய பெண்கள் இந்தி மீடியம். தமிழ் பேசுவார்கள், படிக்க வராது.

திறப்பன்று காலையில் பாக்கெட் எல்லா வீட்டுக்கும் போனது. பக்கத்து வீட்டு அக்கா செல்வராஜிடம் வந்தாள்.

"தம்பி, உங்க அண்ணன் கடை மிக்சர் நல்லாருக்குய்யா."

செல்வராஜ் ஒரு பாக்கெட்டை எடுத்துப் பார்த்தான். என்னிடம் நீட்டினான்.

"அத்தான், இது யாரு பேரு?"

"பெரிய மச்சான் பேரு."

"அது எனக்குத் தெரியும்."

ஸ்கிரீனில் காட்டுகிற துண்டு பேர் ஃபைலைப் பார்க்கும் என்று லிஸ்டில் எழுதியிருந்தேன். லேபிள் அடிக்கிற துண்டும் அதையே பார்க்கும் என்பதை எழுதவில்லை. மெஷின் பழைய துண்டையே வைத்துக்கொண்டது. அதில் அண்ணன் இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் அவரே வந்தார். கையில் பிரித்த பாக்கெட்.

"ஏலே செல்வராசு, எனக்கு இம்புட்டு விளம்பரமா? சொல்லவே இல்லையேல."

அவர் ஒரு வாய் போட்டு மென்றார்.

"உப்பு ஜாஸ்தி. என் பேரைக் கெடுத்துட்டியேல."

"உன் கடையில மட்டும் குறைச்சலா?" என்றான் தம்பி. இரண்டு வருஷத்தில் முதல் பேச்சு. அது அரை மணி நேரம் உப்பைப் பற்றியே நடந்தது. நான் மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முழு பில்டு போட்டேன். இருபது நிமிஷம். யாரும் எனக்கு சாய் தரவில்லை.

இப்போது லிஸ்டை நான் எழுதுவதில்லை. எந்தத் துண்டு எந்த ஃபைலைத் திறக்கிறது என்று மெஷினே பார்த்துக் குறித்துக்கொள்கிறது. இரண்டு நிமிஷம் ஆகிறது. ஆகட்டும்.

போன மாதம் செல்வராஜுக்குப் பையன் பிறந்தான். பெர்த் சர்டிபிகேட் ஃபாரத்தை என்னிடம் நிரப்பக் கொடுத்தார்கள். என் பெண்டாட்டி குறுக்கே வந்தாள்.

"இவருகிட்ட கொடுக்காதீங்க. அப்பா பேரு அண்ணன் பேரா வந்துரும்."

முதலில் சிரித்தது பெரிய மச்சான். ஆஸ்பத்திரி வார்டே திரும்பிப் பார்த்தது.

நான் சிரிக்கவில்லை. ஃபாரத்தை வாங்கி இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன்.