அசையாக் கல்லுக்கு ஒரு சுற்றறிக்கை

பூமி சுற்றுகிறது, கண்டங்கள் நகர்கின்றன, மலைகள்கூட யாரையும் கேட்காமல் வளர்கின்றன. இப்படிக் கட்டுப்பாடே இல்லாத உலகத்தில் அசையாத பொருள் ஒன்றே ஒன்றுதான்: ஒரு துறைமுக நகரத்து நில அளவை அலுவலகத்தின் பின்முற்றத்தில் இருந்த குறிக்கல். ஊரின் எல்லா உயரங்களும் அதிலிருந்துதான் அளக்கப்பட்டன. கல் எங்கே இருந்ததோ அதுவே 'சரியான உயரம்'.

இந்தப் பெருமைமிக்க கல்லைச் சந்தேகப்பட்ட பாவி, அங்கே வேலை பார்த்த அளவையாளர் ஒருத்தி. அலுவலகத்தில் அவளுக்கு மில்லிமீட்டர் என்று பெயர். பூமியின் மையத்தை வைத்து, செயற்கைக்கோள்களின் உதவியால் உயரம் கணிக்கும் புதுக் கருவியை ஆறு மாதம் கல்லின் தலையில் உட்காரவைத்தாள். வந்த எண்ணைக் கல் நட்ட காலத்துப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். முப்பது வருடத்தில் கல் முப்பத்து மூன்று சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. ஊரும் கூடவே இறங்கியதால் யாருக்கும் தெரியவில்லை. கட்டப்போகும் கடல் தடுப்புச் சுவருக்கும் அந்தக் கல்தான் அளவு. சுவரை ஒட்டிய தெருவில்தான் அவளுடைய அக்கா வீடு.

அவசரக் கூட்டத்தில் இயக்குநர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"கல்லுக்கு எத்தனை வருஷ சர்வீஸ்?"

"முப்பது, சார்."

"உங்க கருவிக்கு?"

"ஆறு மாசம்."

"தகுதிகாண் பருவமே முடியலை. அதுக்குள்ள சீனியர் மேல புகாரா?"

கூட்டம் மெய்மறந்து தலையாட்டியது. அன்றே சுற்றறிக்கை வந்தது: 'குறிக்கல் அசையாது. மறு உத்தரவு வரும்வரை அசையவும் கூடாது.' தகவலுக்காகவும் தக்க நடவடிக்கைக்காகவும் ஒரு பிரதி கல்லின் மேலேயே ஒட்டப்பட்டது.

சுவர் சுற்றறிக்கைப்படி எழுந்தது. சுற்றறிக்கையைப் படித்திராத கடலோ, அடுத்த பெரிய ஏற்றத்தில் சுவரைவிட ஓரடி உயரமாக வந்து உள்ளே நுழைந்தது. அக்காவின் ஃபிரிட்ஜ் வாசல்வரை மிதந்துபோய் அதை வரவேற்றது. பிள்ளைகளோடு மொட்டைமாடியில் நின்றபடி அக்கா போனில் கேட்டாள்: "உனக்கு முன்னாடியே தெரியுமாடி?"

விசாரணைக் குழு அபாரமான தெளிவோடு முடிவுக்கு வந்தது. கல் அசையவில்லை. சுவரின் அளவு சரி. மிச்சம் இருப்பது வீடுகள்தான். 'முன்அனுமதியின்றி வீட்டின் உயரத்தைக் குறைத்த குற்றத்துக்காக' இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு நோட்டீஸ். எழுதும் வேலை மில்லிமீட்டருக்கு.

எல்லாரும் அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவளோ பேனாவை உதறிக்கொண்டு உற்சாகமாக உட்கார்ந்தாள். ஒவ்வொரு நோட்டீசிலும் 'இறங்கிய அளவு' என்ற கட்டத்தில் கருவி சொன்ன எண்ணை நிரப்பினாள். இயக்குநர் டீ குடித்துக்கொண்டே, ஒன்றையும் படிக்காமல், கட்டு முழுவதிலும் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார்.

முதல் நோட்டீசை அக்காவிடம் கொடுத்தாள். "பத்திரமா வச்சுக்கக்கா. நம்ம தெரு இறங்கிருச்சுன்னு ஆபீசே எழுதிக் கொடுத்திருக்கு. இனி சுவரை உயர்த்த மாட்டேன்னு அவங்களால சொல்ல முடியாது."

அதே கட்டில் செருகிக் கையெழுத்து வாங்கியிருந்த இருநூற்றுப் பதின்மூன்றாவதை இயக்குநரின் மேஜையில் வைத்துவிட்டு வந்தாள். தன் பொறுப்பிலுள்ள அலுவலகத்தையும் அதன் குறிக்கல்லையும் முன்அனுமதியின்றி முப்பத்து மூன்று சென்டிமீட்டர் தாழ்த்திய குற்றவாளி: இயக்குநர். முப்பது வருடத்தில் அந்த அலுவலகம் வெளியிட்ட முதல் சரியான அளவுக்கு, பொறுப்பானவரே கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்றிருந்தார்.