ஆர்.கே.பேட்டைக்குப் போகாத கார்

"இன்னொரு தபா சாவிய திருப்புடா," என்றார் குப்புராஜ்.

தணிகைவேல் திருப்பினான். அம்பாசிடர் கர்ர்ர் என்று இழுத்துவிட்டு ஓய்ந்தது.

"காலைல திருவள்ளூர்லருந்து குதிரையாட்டம் வந்திச்சே!"

"வந்திச்சி மாமா."

"இப்ப இன்னா வந்திச்சி இதுக்கு?"

அதுதான் தணிகைவேலுக்கும் தெரியவில்லை. திருவாலங்காட்டில் பெண் பார்த்து முடித்தாயிற்று. நாலு மணிக்கு ஆர்.கே.பேட்டையில் இன்னொரு பெண். அங்கே நஞ்சை நிலம் உண்டு. இங்கே திலகவதிக்குக் கும்மிடிப்பூண்டியில் வேலை மட்டும்தான். மாமாவின் மனம் ஏற்கனவே ஆர்.கே.பேட்டை போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் போய்ச் சேருவதுதான் பாக்கி.

தணிகைவேலுக்கு நகரவே மனமில்லை. அவனும் திலகவதியும் இரண்டு வருஷமாக ஒரே கம்பெனி பஸ். தரகர் கொண்டுவந்த வரன் போல இதை ஜோடித்ததே அவர்கள் இருவரும்தான். வீட்டில் யாருக்கும் தெரியாது. மாமாவிடம் சொல்ல வாய் வரவில்லை. அப்பா இறந்த பிறகு படிக்க வைத்தவர் அவர். அப்பா வாடகைக்கு ஓட்டிய இந்தக் காரைக்கூட விற்காமல் வைத்திருப்பவர். அவர் பேச்சைத் தட்டினால் தன் மனசே தன்னை மன்னிக்காது என்று தணிகைவேலுக்குத் தெரியும்.

"சாப்பாடு ரெடியா கீதுங்க. ஒரு வாய் சாப்ட்டு கெளம்பலாமே," என்றார் திலகவதியின் அப்பா அருணாச்சலம்.

"காபியோட இருக்கட்டுங்க. முடிவாவாத ஊட்ல கை நனைக்கிறதில்ல. நனைச்சா சம்மதம் சொன்ன மாதிரி ஆயிடும்."

காபி வந்தபோது எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. தணிகைவேலுக்கு மட்டும், அவன் எப்போதும் குடிப்பது போலச் சர்க்கரை இல்லாமல் வந்தது. பிறகு அவன் அம்மா கங்கம்மா, பூவைக் காரிலேயே மறந்துவிட்டேன் என்று போய் எடுத்துவந்து திலகவதியின் தலையில் வைத்தாள். அவ்வளவுதான். அதன் பிறகு கார் கிளம்பவில்லை.

"மெக்கானிக் கெடைப்பாரா?" என்று கேட்டார் குப்புராஜ்.

"ஊர்ல ஒருத்தர்தான். கல்யாணத்துக்குப் போயிட்டாரு. ஆட்டோ சொல்லட்டுமா?"

"ஆட்டோல போய் எறங்கினா மரியாத இன்னாத்துக்கு ஆவும்? டேய் தணிகை, ஃபேக்டரில மிஷின் ஓட்றவன்தானே நீ? பாரு."

தணிகைவேல் பானெட்டைத் திறந்து, போனில் ஒரு வீடியோவைப் போட்டான். போனைப் பிடித்துக்கொள்ளத் திலகவதி வந்தாள். வீடியோக்காரர் டிஸ்ட்ரிபியூட்டரைக் காட்டினார். நாலு சிலிண்டருக்கும் முறை வைத்துக் கரண்டைப் பிரித்துக் கொடுப்பது அதுதானாம். தணிகைவேல் அதன் மூடியைக் கழற்றித் துடைத்தான்.

"வீடியோல உள்ள கறுப்பா, சின்னதா ஒன்னு சுத்துதே. இதுல காணோமே?" என்றாள் திலகவதி.

"அது வேற மாடல்," என்றான் அவன், நிச்சயமாக.

மூடியைப் போட்டு, ஸ்டார்ட் செய்து பார்த்தான். பிடிக்கவில்லை. டிஸ்ட்ரிபியூட்டரையே உருவி எடுத்தான். எடுக்கும் முன் அது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள் என்று வீடியோக்காரர் சொன்னபோது, அது அவன் கையில் இருந்தது.

"எந்தப் பக்கம் இருந்திச்சி?"

"நான் உங்களத்தான் பாத்துக்கினு இருந்தேன்," என்றாள் அவள் மெதுவாக.

உத்தேசமாக ஒரு பக்கம் திருப்பி மாட்டினான். பிடிக்கவில்லை. கழற்றி எதிர்ப்பக்கம் மாட்டினான். அதுவும் இல்லை. மாமா சாவியைத் திருப்பித் திருப்பிப் பேட்டரியும் தீர்ந்துபோனது.

"தள்ளு!" என்றார் குப்புராஜ்.

தணிகைவேல் ஸ்டியரிங்கில் உட்கார, அக்கம்பக்கத்துக்காரர்கள் வந்து தள்ளினார்கள். வேஷ்டியை மடித்துக் கட்டி மாமாவும் தள்ளினார். வண்டி சரிவில் வேகம் பிடித்தது. மாமாவால் பிடிக்க முடியவில்லை. கார் வரப்போரம் ஒழுங்காக நின்றது. மாமா மட்டும் வயலுக்குள் போய்விட்டார்.

நடவுக்குத் தயாராக இருந்த நல்ல சேறு. வெள்ளை வேஷ்டியில் வெள்ளை என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிஞ்சவில்லை.

அருணாச்சலம் சிரிக்கவில்லை. ஓடிப்போய்க் கை கொடுத்துத் தூக்கினார். வெந்நீர் வைக்கச் சொன்னார். பண்டிகைக்கு என்று எடுத்து வைத்திருந்த புது லுங்கியைக் கொடுத்தார். சம்பந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

கட்டம் போட்ட லுங்கியில் உட்கார்ந்து, குப்புராஜ் ஆர்.கே.பேட்டைக்குப் போன் செய்தார். பேசப் பேச முகம் சிவந்தது.

"இன்னா சொல்றாங்க மாமா?"

"பொண்ணு பாக்க வரவே வண்டி இல்லாதவங்க, பொண்ண எப்பிடி வெச்சி காப்பாத்துவீங்கன்னு கேக்கறான்! என்னைய! சேத்துல வுழுந்தேன்னு சொல்றேன், சிரிக்கிறான்!"

அடுக்களையிலிருந்து சாம்பார் வாசனை வந்தது. மாமாவின் வயிறு எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு சத்தம் போட்டது.

அவர் லுங்கியைத் தடவிப் பார்த்தார். அருணாச்சலத்தைப் பார்த்தார்.

"இவ்ளோ பேஜாரு குடுத்தும் நீங்க ஒரு தபா கூட மூஞ்சி சுளிக்கலியே," என்றார். "எல போடுங்க சம்பந்தி."

அடுக்களையில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. திலகவதியாகத்தான் இருக்கும்.

தணிகைவேல் மாமாவின் காலைத் தொட்டான். "எந்திரிடா, பசிக்குது," என்றார் அவர்.

இலையில் சோறு விழுந்து, மாமா பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைக்கும்வரை அவன் மூச்சுவிடவில்லை. பிறகு நைசாக எழுந்து வரப்போரம் போனான். வண்டி நின்றதால்தான் மாமா இங்கேயே தங்கினார், தங்கியதால்தான் சாப்பிட்டார். பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"கார இன்னாத்துக்குடா கும்புடுற?"

திரும்பினான். கார் நின்றதிலிருந்து வாய் திறக்காமல் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த கங்கம்மா, பின்னால் நின்றிருந்தாள்.

"இன்னிக்கி இது நின்னுதேம்மா. அதுக்குத்தான்."

"மொத தபா பாக்கறவளுக்கு, உனக்கு சக்கர ஆவாதுன்னு யாருடா சொன்னாங்க?"

தணிகைவேல் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

கங்கம்மா சுருக்குப் பையை அவிழ்த்துப் பாக்குகளை ஒதுக்கினாள். அடியிலிருந்து, கறுப்பாக, சின்னதாக, வீடியோவில் சுற்றிய அதை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"உங்கப்பா சினிமாவுக்குக் கூட்டிக்கினு போனா, எவனும் வண்டிய ஓட்டிக்கினு போவக் கூடாதுன்னு இத கழட்டி எங்கிட்டதான் குடுப்பாரு. மாமா பாயசம் குடிச்சி முடிக்கட்டும், அப்பறமா மாட்டு."