தீர்ந்துடுச்சு

மரியாதைக்குரிய சித்தப்பாவுக்கு,

அண்ணன் மகள் வணங்கி எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. அனைவரும் இருக்கிறோம் என்று திருத்திக்கொள்கிறேன். உங்கள் முதுகுவலி தேவலையா? சித்தியைக் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் அலுவலகம் என்னை இங்கே அனுப்பிய 'சேர்ந்து தீர்ப்போம்' திட்டம் நன்றாகத்தான் தொடங்கியது. பள்ளிக்கூட அறையில் ஊரே கூடியது. அவரவர் குறையை மஞ்சள் காகிதத் துண்டில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார் உங்கள் பொறியாளர். ஒட்டிய எல்லாவற்றிலும் தண்ணீர் என்றிருந்தது; ஒன்றில் மட்டும் 'மாமியார்'. அதைத் திட்டத்தில் சேர்க்க இயலாதென்று அவர் உண்மையாகவே வருந்தினார். எல்லோரும் சேர்ந்து யோசித்ததில் ஒரு வழி பிறந்தது: மேட்டில் பொதுத் தொட்டி, அதை நிரப்ப உங்கள் லாரி, தொட்டியின் நிலையை ஊராரே கைப்பேசியில் தெரிவிப்பது. "கதையெல்லாம் வேண்டாம், ரெண்டு வார்த்தை போதும். மிச்சத்த கம்ப்யூட்டர் பாத்துக்கும்" என்றார். பார்த்துக்கொண்டது, சித்தப்பா.

போன வாரம் தொட்டி வறண்டதும், நான் குடியிருக்கும் வீட்டுத் தையல்காரர் "தண்ணி தீர்ந்துடுச்சு" என்று அனுப்பினார். கம்ப்யூட்டர் 'தீர்ந்துடுச்சு' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, குறை தீர்ந்த குடும்பம் என்று அவரை எழுதிக்கொண்டு வாழ்த்து அனுப்பியது. அவர் கொதித்துப்போய் "சுத்தமா தீர்ந்துடுச்சு" என்றார். இன்னும் பெரிய வாழ்த்து வந்தது. "நீ கேக்குற லட்சணத்துக்கு வாழ்த்துதான் வரும், இப்படிக் குடு" என்று பக்கத்து வீட்டுக்காரி கைப்பேசியைப் பிடுங்கித் தன் பங்குக்கு அனுப்ப, பிறகு தெருவே அனுப்ப, நாங்கள் கத்தக் கத்த ஊர் முன்னேறிக்கொண்டே போனது. குறையே இல்லாத ஊருக்கு லாரி எதற்கென்று நிறுத்திவிட்டீர்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் வந்தது. அதைத் துடைக்க ஈரத்துணிக்கு வழியில்லை. அலுவலகத்துக்குப் பேசினால், "எல்லாம் தீர்ந்துடுச்சுன்னுதானே மேடம் இருக்கு?" என்கிறார்கள். ஆமாம், அதைத்தான் சொல்கிறேன் என்றால் சிரிக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தையல்காரரின் மனைவிக்கு மாதம் நிறைந்துவிட்டது. நர்ஸம்மா பார்த்துவிட்டு, "இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. பத்திரத்துல கை கழுவிட்டுப் பிள்ளையப் பிடிக்க முடியாது, ரெண்டு குடமாவது தேத்தி வைங்க" என்று சொல்லிப் போனார். அதிலிருந்து தையல்காரர் நூல் கோக்காமலே மிஷினை மிதித்துக்கொண்டிருக்கிறார். நான் வீடுவீடாகப் போய்க் குடங்களைக் கவிழ்த்துப் பார்த்தேன். அரைச் செம்பு தேறியது. அதையும் தங்களுக்கு இல்லாமல்தான் கொடுத்தார்கள்.

உங்கள் கைப்பேசிக்கு அனுப்பியதற்கும் பதில் இல்லை. அதனால் இதைப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். லாரியை அனுப்புங்கள். என்ன செய்தாலும் விளக்கமாக எழுதுங்கள், சித்தப்பா. ரெண்டு வார்த்தையை நம்பும் தெம்பு இங்கே யாருக்கும் இல்லை.

உங்கள் வீட்டுக் குழாய் என்றும் வற்றாதிருக்க வேண்டிக்கொள்ளும்,
அண்ணன் மகள்

பி.கு.: உறையை ஒட்டும்போது கைப்பேசியில் உங்கள் பதில் வந்துவிட்டது: "லாரிய விட்டாச்சு." மேலே எழுதியதைக் கிழிப்பதா, அனுப்புவதா என்று தெரியவில்லை. கிளப்பி விட்டாச்சு என்கிறார் தையல்காரர். கைவிட்டாச்சு என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. ஆனாலும் குடத்தோடு முதல் ஆளாக மேட்டில் நிற்பவள் அவள்தான். உள்ளே தையல்காரரின் மனைவிக்கு வலி எடுத்துவிட்டது. எந்த 'விட்டாச்சு', சித்தப்பா?